காப்பதா, கட்டிப்போடுவதா?

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் இலங்கை போயிருந்தோம். கண்டியில் தங்கி, ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்கத் திட்டம். காலையில் பின்னவல யானைகள் சரணாலயம், மதியத்துக்கு மேல் சிகிரியா மலைக்கோட்டை. வேன் ஓட்டிய அண்ணன் மாத்தளைத் தமிழர். "காலையில யானை, பின்னேரம் சிங்கம்" என்று சிரித்தார். சிகிரியாவில் பாறையை ஒட்டி நிற்கும் பெரிய சிங்கப் பாதங்களைத்தான் அப்படிச் சொன்னார்.

பத்து மணிக்கு யானைக் கூட்டம் தெருவைக் கடந்து மகா ஓயா ஆற்றில் இறங்கியது. சின்னக் குட்டி ஒன்று பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடியது. எங்களில் ஒருத்தி தன்னை மறந்து "பிள்ளையாரப்பா!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். நானும் படம் எடுத்துத் தள்ளினேன். பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்த இடம் 1975-இல் தொடங்கியது. தாயை இழந்து காட்டில் தவித்த குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சாமா என்ற யானையும் இங்கே அடைக்கலம் பெற்றவள்தான். அவளைக் காட்டில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அளவில் இது தர்மம், எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 1984-இல் முதல் குட்டி இங்கேயே பிறந்தது. அதன்பின் நிறையப் பிறந்துவிட்டன. 2021-இல் இரட்டைக் குட்டிகள்கூடப் பிறந்தன. இவை அநாதைகள் இல்லையே! தாய் பக்கத்திலேயே நிற்கிறாள். இவற்றை எதிலிருந்து காப்பாற்றுகிறோம்? இந்தக் கேள்வியை விலங்குநல ஆர்வலர்கள் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வேனில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. "காட்டுல இருந்தா ரயில்ல அடிபட்டுச் சாகும்டா, இங்க வேளாவேளைக்குச் சாப்பாடு" என்றான் ஒருவன். அப்போதுதான் டிரைவர் அண்ணன் உடவளவையைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் அநாதைக் குட்டிகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது, 1995-இல் தொடங்கியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. குட்டி வளர்ந்ததும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். "விடுற அண்டைக்கு வளர்த்தவனுக்கு அழுகைதான் வரும் தம்பி, ஆனா விட்டுத்தான் ஆகணும்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

என் தங்கைக்குச் சபாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா அரை மனசாகத் தயாராகிவிட்டார். தடுத்தது நான். "பொம்பளப் பிள்ளை, கடல் தாண்டி, தெரிஞ்சவங்க யாரும் இல்லை" என்று நான்தான் அப்பாவிடம் பேசினேன். "பாதுகாப்புக்குத்தானே சொல்றேன்" என்று அவளிடமும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பதில் அனுப்ப இன்னும் ஐந்து நாள்தான் மீதி இருந்தது.

சிகிரியா போய்ச் சேரும்போது நல்ல வெயில். ஏறக்குறைய 1,200 படிகள். குளவி இருக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் எங்கள் கூட்டம் பிறந்ததிலிருந்து முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு நடந்தது. யோசிக்க எனக்கு அதுவே போதும்.

இந்தக் கோட்டையைக் கட்டியவன் காசியப்பன், ஐந்தாம் நூற்றாண்டு. அவன் அப்பா தாதுசேனன், கலாவெவ என்ற பெரிய ஏரியைக் கட்டிய மன்னன். புதையல் எங்கே என்று மகன் மிரட்டியபோது தாதுசேனன் அந்த ஏரியில் இறங்கித் தண்ணீரைக் காட்டி, இதுதான் என் செல்வம் என்றானாம். அப்பாவைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பனுக்கு, தென்னிந்தியாவுக்குத் தப்பிப்போன தம்பி முகலன் என்றைக்காவது திரும்பி வருவானோ என்ற பயம். அந்தப் பயம்தான் அவனை 200 மீட்டர் உயரப் பாறையின் உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது. ஓவியம், தோட்டம், தடாகம், எல்லாம் இருந்தது. 495-இல் தம்பி படையோடு வந்தான். போர்க்களத்தில் முன்னால் சேற்று நிலம் தெரிய, காசியப்பன் வேறு வழியில் போகத் தன் யானையைத் திருப்பினான். ராஜா ஓடுகிறார் என்று நினைத்துப் படை சிதறியது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்கிறது வரலாற்று நூல்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காடு. உட்கார்ந்து யோசித்தேன். நம் தமிழில் காப்பு என்ற சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறோம். திருவிழாவுக்குக் கையில் கட்டுவதும் காப்பு, போலீஸ் மாட்டுவதும் காப்பு. கையில் ஏறும்போது எது எது என்று எப்படித் தெரியும்? சாமாவுக்குக் கட்டியது முதல் வகை, ஏனென்றால் தேவை அவளுடையது. என் தங்கைக்கு நான் கட்டப் பார்த்தது? பயம் யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான். அவள் ஒருநாளும் பயப்படுகிறேன் என்று சொன்னதில்லை.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கவே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. குட்டிக்குப் பால் வேண்டும், காவலும் வேண்டும். உடவளவையிலும் முதலில் வேலிக்குள்தான் வளர்க்கிறார்கள். ஆனால் அங்கே பால் கொடுப்பதே ஒருநாள் அனுப்புவதற்காக. அனுப்பிய யானை எல்லாம் பிழைத்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. தெரிந்தேதான் அனுப்புகிறார்கள். நான் தங்கைக்கு மோட்டார் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததில்லை, தனியாகப் பஸ் ஏறக்கூட விட்டதில்லை. பிறகு, "உனக்கு ஒன்னும் தெரியாது" என்று அவளையே குறை சொன்னேன்.

இறங்கி வந்ததும் வேன் பக்கத்தில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். சபா விஷயத்தில் நான் சொன்னது தப்பு, அவளை அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"யானை பார்க்கப் போனவன் இதச் சொல்லவாடா கூப்பிட்ட?"

"ஆமாப்பா. போனை அவகிட்ட கொடுங்க."