இராகாபின் வீட்டை மறவோம்



எரிக்கோ நகரத்து இராகாபு வேற்றினத்தவள். இஸ்ரயேலின் ஒற்றர் இருவரை மாடியிலே சணல் தட்டைகளுக்குள் ஒளித்தாள். அரசனின் ஆட்கள் கேட்டபோதும் காட்டிக் கொடுக்கவில்லை.

1983 ஜூலை 24 இரவு பொறளையில் மூண்ட தீ, மறுநாள் வெள்ளவத்தைக்கும் ஹெவ்லொக் டவுனுக்கும் பரவியது. காடையர் வாக்காளர் இடாப்புடன் தமிழர் வீடுகளைத் தேடினர். அவ்வேளை சிங்கள அயலவர் பலர் நம்மவரைத் தம் அறைகளில் மறைத்து, வாசலில் நின்ற கும்பலைத் திருப்பி அனுப்பினர். பிள்ளைகுட்டிக்காரரான சாதாரண மனிதர். அகப்பட்டிருந்தால் அவர்கள் வீடும் எரிந்திருக்கும்.

எரிக்கோ வீழ்ந்தபோது இஸ்ரயேலர் இராகாபின் குடும்பம் முழுவதையும் காத்தனர். மத்தேயு அவள் பெயரை ஆண்டவரின் வம்ச வரலாற்றிலேயே எழுதி வைத்தார். நாமோ அகதி முகாமுக்குப் போனோம், கப்பலேறிக் காங்கேசன்துறை போனோம், கடலும் கடந்தோம். எத்தனை பேர் திரும்பி வந்து அந்தக் கதவைத் தட்டினோம்?

அவர்களில் உயிரோடிருப்போர் இன்று முதியோர். மருந்துக்கும் துணைக்கும் ஏங்குவோர் இருக்கலாம். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுடன் போய்ப் பாருங்கள். அவர்கள் இல்லையெனில் அவர்களின் மக்களைக் காணுங்கள். வீட்டுச் செபமாலையில் அவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். எரித்தவரின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். காத்தவரின் பெயரும் தெரியட்டும்.