தலை யாருக்குச் சொந்தம்?

“எல்லாம் என் தலையெழுத்து!”

கஞ்சிக் கிண்ணத்தைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாத முதியவரின் வாயிலிருந்து வரும் சொல் இது. நாஞ்சில் நாட்டில் இச்சொல் ஒலிக்காத ஊர் இல்லை. நம்ப மறுப்போர்க்குச் சான்றும் காட்டுவர்: மண்டை ஓட்டின்மேல் நெளிந்தோடும் கோடுகள் பிரமன் எழுதியவையாம்! குழவிப் பருவத்தில் பிரிந்திருந்த எலும்புத் தகடுகள் வளர்ந்து இணைந்த பொருத்துவாய்களே அக்கோடுகள். அங்கே எழுதியவனும் இல்லை, எழுத்தும் இல்லை.

ஆனால், தோழர்களே, தலைக்குள்ளே மெய்யாகவே எழுதப்படும் எழுத்து ஒன்று உண்டு. அதைப் படித்தறிய நம் தலையை நாம் தரக் கடமைப்பட்டிருக்கிறோமா? இதுவே நான் எழுப்ப விரும்பும் வினா.

முதியவரின் கையை ஆட்டுவது விதியன்று. பார்க்கின்சன் என்னும் நோய். மூளையின் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே விஞ்சிய பருமனுடைய கம்பியைச் செலுத்தி, மார்புத் தோலின் கீழே மின்கலம் வைத்து, நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளாக மின்சாரம் பாய்ச்சினால் நடுக்கம் தணிகிறது. 1987-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனாபித் என்னும் மருத்துவர் குழுவினர் வழிகாட்டிய முறை இது. நம் குமரி மாவட்டத்தார் நோயென்றால் நாடிச் செல்லும் திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்திலும் இந்தச் சிகிச்சை நடைபெறுகிறது. வானொலி ஒவ்வொருவர் தொப்பியிலும் இருக்கும் என்று ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசியபோது சொன்னார் பெரியார். கருவி இன்று தொப்பியைக் கடந்து மண்டைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது!

பிரமனை மின்கலம் வென்றது என்று கைதட்டத் தோன்றும். தட்டுமுன் ஒரு கேள்வி: வந்த விருந்தாளியை மூளை எப்படி வரவேற்கிறது?

மூளை நுங்குபோல் மெல்லியது. ஒவ்வொரு மூச்சுக்கும், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அது சற்றே அசைகிறது. உள்ளே புகுந்த கருவியோ விறைப்பானது. உராய்வு நேர்கிறது. அயலான் புகுந்தான் என்று காவற்படை திரள்கிறது. மைக்ரோகிளியா என்னும் உயிரணுக்கள் முதலில் சூழ்கின்றன. அடுத்து ஆஸ்ட்ரோசைட் என்னும் அணுக்கள் கம்பியைச் சுற்றித் தழும்பால் ஆன உறையொன்றை நெய்கின்றன. வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது. நரம்பணுக்களின் பேச்சை ஒட்டுக்கேட்க வைத்த நுண்கருவியானால், அருகிருந்த நரம்பணுக்கள் குறைய, உறை தடிக்க, பேச்சு மங்குகிறது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் தன் கருவியைப் பொருத்தியது. சில வாரங்களில் நுண்ணிழைகள் பல மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, கணிப்பு முறையைத் திருத்தி இழப்பை ஈடுசெய்தது.

தழும்பே தலைக்குள் எழுதப்படும் எழுத்து. அதை எழுதுவது மூளை. விளம்பரத்துக்கு மயங்காத சாட்சி அது. விலைக்கு வாங்க முடியாத சாட்சி. கருவி செய்தவர் சொல்வதை அப்படியே நம்புவது, பூசாரி சொன்னதை நம்புவதற்குத் தங்கையே அன்றி வேறென்ன?

ஆயின், உயிரோடிருப்பவர் தலையைத் திறந்து இந்தச் சாட்சியை விசாரிக்க இயலாது. முதலில் விலங்குகளிடம் பார்க்கின்றனர். முடிவாக, இறந்தோர் ஈந்த மூளையில் பார்க்கின்றனர். மின்முனையோடு வாழ்ந்து மறைந்தோர் பலரின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கியில் ஆராய்ந்த பின்னரே, அக்கம்பியைச் சுற்றிப் பெரும்பாலும் மெல்லிய தழும்பே உண்டாகிறது என்னும் துணிவு மருத்துவ உலகுக்குப் பிறந்தது. அடுத்த நோயாளி அச்சமின்றிப் படுக்கிறார் என்றால், முன்னே போனவர் தந்த கொடை அது.

“அப்படியானால், கருவியால் நலம் பெற்றவர் இறந்தபின் மூளையைத் தந்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்தால் என்ன?” என்று ஆர்வமிக்க நண்பர் கேட்கலாம்.

கூடாது என்பேன். காரணத்தை நாஞ்சில் நாட்டு மண்ணே சொல்லும். திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்கள், தலை இருந்த குற்றத்துக்காகத் தலைவரி கட்டினர். அந்தத் தலையில் தலைப்பாகை கட்டவோ உரிமை இல்லை. “தலைப்பாகை அணிந்தே வழிபடு” என்று சாமித்தோப்பில் வைகுண்டர் சொன்னது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். தலை அரசனுடையது அன்று, அதைத் தாங்கியவனுடையது என்னும் முழக்கம் அது! அன்று வேல்பிடித்து வாங்கியதை இன்று வெள்ளை அங்கி அணிந்து வாங்கினாலும் வரி வரிதான். வரியாகப் பெறுவது அடிமைத்தனம். கொடையாகப் பெறுவதே தன்மானம். கருவி பொருத்துமுன், நோயாளியின் மொழியில், நன்மையையும் தீமையையும் ஒளிக்காமல் கூறி, அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். முழு உடலாகவே வழியனுப்ப வேண்டும் என்று விம்மும் மனைவியை எள்ளி நகையாடுவது பகுத்தறிவாகாது.

காலம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கு உரியதாயிருந்த பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் இன்று, உடலுக்குள் வைக்கும் பொருள்களைத் திசு ஏற்கிறதா என்று சோதிக்கின்றனர். பெங்களூர் நிம்ஹான்சில் 1995-ஆம் ஆண்டு முதல் மூளை வங்கி இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலிருந்த சிசுக்களின் மூளைச் சீவல்கள் 5,132-ஐ உலகமே காணப் படமாக்கி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டது. படிக்கும் கண்கள் ஆயத்தம். படிக்க ஏடுதான் வேண்டும்.

வற்புறுத்தல் கூடாது என்றேன். ஆனால் நம்மை நாமே வற்புறுத்திக்கொள்ளத் தடை ஏது? பக்தருக்காவது ஒரு காரணம் உண்டு: ஆன்மா, மறுமை, கபால மோட்சம். ஆன்மா இல்லை என்று மேடையேறி முழங்கும் நமக்கு என்ன காரணம்? நம் மூளையைச் சாம்பலாக்க ஏன் இத்தனை அவசரம்? கருவி பொருத்தாத மூளையும் தேவையே; ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அளவுகோல். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பயன்படும். ஆகவே எழுதி வைத்தால் மட்டும் போதாது, வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

நான் என் அன்னையிடம் சொன்னேன். “கல்யாணம் பேசுகிற வயதில் இது என்ன பேச்சு?” என்று அழுதார். மறுநாள் கேட்டார்: “அதனால் யாருக்காவது கை நடுக்கம் நிற்குமா?” உறுதி சொல்ல முடியாது, நிற்கக்கூடும் என்றேன். “அப்படியானால் என் தலையையும் எழுதிக்கொள்” என்றார்.

தோழர்களே, உங்கள் வீட்டில் இன்று யார் பேச்சைத் தொடங்கப் போகிறீர்கள்?