சின்ன அலுமாரி

எங்கள் வீட்டில் உடுப்பு வைக்க இருப்பது இரண்டு தட்டுள்ள ஒரு சின்ன அலுமாரிதான். ஐந்து பேரின் துணியும் அதற்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு நோன்புக்கு முன்னும் அதை ஒழுங்குபடுத்துவது என் வேலை. அன்றாடம் உடுப்பவை கீழே, பெருநாள் உடுப்புகள் மேலே. மிஞ்சுவதை 'இல்லாதவர்களுக்கு' என்று பொதி கட்டும்போதுதான் கை தயங்குகிறது. இது கொடுப்பதா, இடம் ஒதுக்குவதா?

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்ச் சனங்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. உம்மா தன் நல்ல சேலைகள் இரண்டை எடுத்துவைத்துவிட்டு, "உன்ட சேட்டொன்டும் கொண்டா மகன்" என்றா. பெருநாளுக்குத் தைத்த நீலச் சேட்டை அடியில் தள்ளிவிட்டு, கக்கத்தில் கிழிந்ததைக் கொடுத்தேன்.

சில கிழமைகளில் அந்தச் சேட்டு என் வகுப்புக்கே வந்தது. அதைப் போட்டிருந்தவன் கணக்கில் கெட்டிக்காரன். விடை தெரிந்தாலும் கையை உயர்த்தமாட்டான்.

இல்லாதவனுக்குக் கிழிசலும் உதவும் என்பார்கள். உதவத்தான் செய்தது, உடம்பை மூடியது. ஆனால் அவனுக்கு எது போதும் என்று தீர்மானித்தவன் நான். அந்த உரிமையை எனக்கு யார் தந்தது? நீலச் சேட்டோ அடுத்த வருடமே எனக்குச் சிறுத்துப்போயிற்று.

இம்முறை மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். "அது சின்னவன்ட பெருநாள் உடுப்பு" என்றா மனைவி. அவ சொல்வதும் நியாயம்தான்; அவனைக் கேட்காமல் அவனுடையதைக் கொடுக்க நான் யார்? பொதி இன்னும் கட்டாமல் கிடக்கிறது.