வெள்ளைப் படை காட்டாத புற்று

நாகர்கோவில் பக்கம் ‘ஆர்.சி.சி.க்குக் கொண்டு போங்க’ என்று டாக்டர் சொன்னால், வீட்டார் அடுத்த கேள்வி கேட்பதில்லை. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. 1996-இல் அந்த மையம் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, ஏழில் மட்டும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு சோதித்தது. ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையிலான அந்த ஆய்வின் முடிவு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது.

வெறுங்கண்ணால் பார்த்தே இவ்வளவு முடிந்ததற்குக் காரணம், வாய்ப்புற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் வாயின் மேல்தோலில் பிறப்பதுதான். வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு என்று அது பெரும்பாலும் முன்கூட்டியே தடம் காட்டிவிடும்.

வாயில் அரிதாக வரும் இன்னொரு வகைப் புற்றான சார்கோமா அப்படி வருவதில்லை. தசை, கொழுப்பு, ரத்தக்குழாய், நரம்புறை என்று தோலுக்கு அடியில் உள்ள மென்திசுவில்தான் அது பெரும்பாலும் முளைக்கிறது. தலை, கழுத்துப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் காணப்படுகிறது. பல நேரம் மேலே தோல் வழவழப்பாகவே இருக்கும், வலியும் இருக்காது. வெற்றிலையைத் தொடாதவருக்கும் வரும். தசையாக வேண்டிய செல்களின் சாயலில் வளரும் ராப்டோமயோசார்கோமா குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் மேலண்ணத்தில் ஊதாத் திட்டாகத் தெரிவது கபோசி சார்கோமா.

ஆபத்து இங்கேதான். ஈறு வீங்கினால் சீழ் என்றோ சாதாரணச் சதை வளர்ச்சி என்றோ நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எதுவென்று தீர்மானிப்பது, சதையில் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். நுண்ணோக்கியில் பல சார்கோமாக்கள் ஒன்றுபோலவே தெரிவதால், டெஸ்மின், மயோஜெனின் போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள்.

புற்றின் பெயரைப் பொறுத்தே சிகிச்சையின் வரிசையும் மாறும். மேல்தோல் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் கத்தி. குழந்தையின் ராப்டோமயோசார்கோமாவுக்கோ பெரும்பாலும் முதலில் மருந்து, பிறகே கதிர்வீச்சோ அறுவையோ. சார்கோமா ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகக்கூடியது என்பதால் நெஞ்சு ஸ்கேனும் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் வற்றாத வீக்கத்தைக் காட்டிவிட வேண்டும். வெட்டி எடுத்த சதை எவ்வளவு சிறியதானாலும் ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஸ்லைடையும், அந்தச் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள். பெரிய மையங்கள் மறுபரிசோதனைக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான்.