தீர்ப்பு யாருடையது?

2014 உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் ஜேர்மனிய வீரர் கிறிஸ்ரோப் கிராமர் தலையில் அடிபட்டார். இது இறுதிப்போட்டிதானா என்று மத்தியஸ்தரிடமே வினவினார். எனினும், அடிபட்டபின் ஏறத்தாழ 14 நிமிடங்கள் களத்தில் நின்றார்.

ஆட விரும்புவது வீரனின் உரிமையன்றோ என்பர் சிலர். முடிவெடுக்கும் மூளையே காயமுற்றிருக்கையில் அவ்விருப்பத்தைச் சுதந்திரமென நாம் எவ்வாறு கொள்வது? அணி வெற்றியை நாடுகிறது; முதலிட்டோர் இலாபத்தை நாடுகின்றனர். இழப்போ ஆடுபவனுக்கே உரியது.

மூளையதிர்ச்சி கண்டவர் அன்றே மீண்டும் ஆடலாகாது. ஆறு கட்டங்களில், கட்டத்துக்கு ஒருநாளேனும் எடுத்து, வைத்தியரின் அனுமதியோடு திரும்பவேண்டும் என்கிறது மருத்துவம். அவ்வைத்தியர் அணியிடமே சம்பளம் பெறுபவராயின், அவரது அனுமதி யாருடைய குரல்? வெற்றி தோல்வியில் பங்கற்றவரிடமே இத்தீர்ப்பை ஒப்படைத்தல் வேண்டும். மனிதனைக் காவாத விளையாட்டு விளையாட்டன்று, சுரண்டலே.