படிக்கவிடாத எழுத்து

எழுத்து என்பது படிக்கத்தானே? தன் பேரையே பிறர் படிக்க முடியாதபடி எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? சுவரெழுத்தும் நோட்டீசுமாக அலைகிற எனக்கு, மேற்கத்திய இசைக்குழுக்களின் லோகோக்களைப் பார்க்கையில் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

நார்வேயின் பிளாக் மெட்டல் குழு டார்க்த்ரோன். அவர்கள் பேர் முள்ளும் வேருமாகப் பின்னிக் கிடக்கும். தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். இசையும் அப்படித்தான். 1994இல் வந்த 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' தட்டில் கரகரத்த அலறல், வேண்டுமென்றே கரடாக விட்ட ஒலிப்பதிவு. 'கண்டவன் உள்ளே வராதே' என்று பாட்டு சொல்வதையே எழுத்தும் சொல்லுது.

இதற்கு நேரெதிர் நியூயார்க்கின் ராப் குழு ரன்-டிஎம்சி. 1980களின் நடுவில் வந்த லோகோவில் இரண்டு சிவப்புக் கோடுகள், நடுவே தடித்த எழுத்து. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே படிக்கலாம். ராப்பில் சொல்தான் முதல். அது காதில் விழணும், பேர் கண்ணில் படணும். பப்ளிக் எனிமியின் முதல் தட்டு 1987இல் வந்தது. வரைகலை படித்த சக் டி லோகோவைத் தானே வரைந்தார்: துப்பாக்கிக் குறிவட்டத்துக்குள் ஒரு கறுப்பு உருவம், கூடவே ராணுவப் பெட்டிகளில் தகடு வைத்து அடிப்பதுபோன்ற எழுத்து. குறிவைக்கப்பட்டவன் தன் பேரைப் பெரிசாக எழுதுகிறான்.

தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. 1834இல் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றமானது. எழுத்து மறுக்கப்பட்ட வலி நமக்கும் தெரியும். அந்தப் பரம்பரையில் வந்தவன் பளிச்சென்று எழுதத்தான் செய்வான். புரியாமல் எழுதுவது வசதி உள்ளவனுக்குத்தான் கட்டுபடியாகும் என்று இங்கேயே முடித்துவிடலாம்.

முடிக்க முடியவில்லை. 1970களில் நியூயார்க் சுரங்க ரயில்களின்மேல் பெயிண்ட் அடித்த கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள் 'வைல்ட்ஸ்டைல்' என்ற பின்னல் எழுத்தை உண்டாக்கினார்கள். ஹிப்ஹாப்போடு கூடவே வளர்ந்தது அது. அதுவும் லேசில் படிக்க முடியாது. அவர்களிடம் என்ன வசதி இருந்தது? நகரம் முழுக்கப் பார்க்கணும், நம்ம பசங்க மட்டும் படிக்கணும் என்றார்கள்.

ஆக, படிக்க முடிகிறதா என்பதை வைத்து நியாயம் சொல்ல முடியாது. யாரை வெளியே நிறுத்தப் போட்ட பூட்டு என்று கேட்கணும். சந்தைக்காரனை நிறுத்தத்தான் பூட்டினோம் என்று மெட்டல் பிள்ளைகளும் சொல்லலாம். இருக்கட்டும். பூட்டுகிறவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. ரயிலில் எழுதினவனுக்கு அந்த ரயில்கூடச் சொந்தமில்லை. அடுத்தவன் சுவரில் எழுதின பேர் மட்டும்தான் அவனுக்கு வீடு.

உரக்கப் படிக்கப்படுகிற உரிமை, வேண்டாதவன் கண்ணிலிருந்து மறைகிற உரிமை, இரண்டும் மனுசனுக்கு வேண்டும். முதலாவது இன்னும் கைக்கு வராதவனிடம் போய் இரண்டாவதுதான் பெரிய கலை என்று பாடம் நடத்துகிறார்களே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.