சாவையா, செத்தவரையா?

எங்கள் குலசாமிக்குப் பெயர் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், புளியமரத்தடியில் இடுப்புயரக் கல்லாக நிற்கிறது. வாளை ஓங்கியபடி ஒருவன். பக்கத்தில் வளையல் போட்ட கையை உயர்த்திக்கொண்டு ஒருத்தி. மேலே சூரியனும் சந்திரனும். மாலைக்கோயில் என்போம். மதுரை, தேனிப் பக்கம் இப்படிப் பல உண்டு. அவன் ஏதோ சண்டையில் பட்டவன். அவள் அவனோடு தீயில் இறங்கியவள். மாசி சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்து, அவளுக்குச் சேலை சாத்திக் கும்பிட்டு வருகிறோம்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அங்கேயே கேட்டாள்: “ஒரு பொண்ணை உயிரோட எரிச்சிருக்காங்க. அதை ஏம்மா சாமின்னு கும்பிடுறோம்?” அப்பத்தா இருந்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பார். எனக்கு அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. உடன்கட்டை ஏற்றுவதைச் சென்னை மாகாணத்தில் 1830இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கொடுமை என்று சட்டம் சொன்ன ஒன்றைச் செதுக்கிய கல்லுக்கு நான் சூடம் காட்டுகிறேன். நம்பிக்கை என்று சொல்லி இதைத் தாண்டிவிட முடியாது.

யோசித்தால், நம் ஊர்களில் நிற்கிற கல் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆண்டிபட்டிக்கு அருகே, வைகைக் கரையில் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. கூடலூரில் நடந்த மாடு கவரும் சண்டையில் செத்த அந்தவன் என்பவனுக்கு நட்டது அதில் ஒன்று. அவன் கவரப் போனவனா, மறிக்கப் போனவனா? அந்தச் சில சொற்களில் அது இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு தரப்புக்குமே கல் நட்டிருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நட்ட கல்லாக எனக்கு அது தெரியவில்லை.

மதுரை சம்மட்டிபுரத்தில் கான்சாகிப் அடங்கிய இடம் இருக்கிறது. மருதநாயகமாகப் பிறந்து யூசுப்கானாக ஆனவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக இருந்து, கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை வீழ்த்தினார். பிறகு அதே கம்பெனியை எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்று போரிட்டார். கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களில் புதைத்ததாகச் சொல்கிறார்கள். இன்று நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கும் நினைவிடம் உண்டு. சம்மட்டிபுரத்தில் இவருக்கும் உண்டு. எதிரெதிரே நின்ற இருவரையும் இந்த மண் தள்ளிவிடவில்லை.

இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை அடுக்கும்போது வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது செத்துப்போன முன்னோரை, முதலில் வைத்து, தெய்வத்தை அடுத்துத்தான் வைக்கிறார். அந்த வரிசையைப் பல வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன். மகள் கேட்ட பிறகுதான் அதன் கனம் உறைத்தது. தென்புலத்தாரில் நல்லவர் மட்டும் என்று அவர் பிரிக்கவில்லை. செத்தவர் யாரானாலும் நமக்கு அவரிடம் ஒரு கடன் இருக்கிறது. கடன் என்பது பாராட்டு ஆகாது. தீயில் இறங்கியவளுக்குச் சேலை சாத்தும்போது அந்தத் தீயை நான் வணங்கவில்லை. அவளைக் காப்பாற்ற ஒரு கைகூட நீளவில்லையே, அந்த ஊரின் வாரிசாக அவள் முன் நிற்கிறேன். என் கும்பிடு பாதி மன்னிப்பு.

செத்தவரை வணங்குவதற்கும் சாவை வணங்குவதற்கும் நடுவே உள்ள கோடு அழிந்தால் என்ன நடக்கும் என்பதையும் இங்கேயே பார்க்கிறோம். தலைவர்களின் நினைவு நாள்களில் வேன் கூரைமேல் ஏறி நின்று, அடுத்த சாதித் தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டு போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். செத்தவரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சாவின் வீரம் மட்டும் போதும். சாவை வணங்குகிறவனுக்கு இன்னொரு சாவு தேவைப்படும். செத்தவரை வணங்குகிறவன், இனி ஒருவர் அப்படிச் சாகக் கூடாது என்று நினைப்பான்.

அப்படி நினைக்க வைக்கும் கல் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, சில சாதியாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காளும் ஒருத்தி. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்கிறது ஊர். அங்கே நினைவுத்தூண் எழுப்பி, வருஷா வருஷம் அந்த நாளில் கூடுகிறார்கள். மாலை போடுவதோடு கடன் தீர்ந்துவிடவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பலர் மேடையில் பேசினார்கள், சிறைக்குப் போனார்கள். மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் கோர்ட்டில் வாதாடினார்; மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டு, பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. செத்தவருக்குச் செய்யும் சடங்கில் அந்த வழக்கும் போராட்டமும் சேர்த்திதான் என்று நான் நம்புகிறேன். அவர்களைக் கொன்ற காரணத்தை ஒழிப்பதைவிடப் பெரிய படையல் ஏது?

மாலைக்கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. மகளிடமும் அதைச் சொன்னேன். ஆனால் பொங்கல் இறக்கிய பிறகு, சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, கல்லில் இருப்பவள் எப்படிச் செத்தாள் என்று மறைக்காமல் சொல்லுகிறேன். தெய்வமானாள் என்ற ஒரு சொல்லில் அவள் பட்ட வேதனையை மூடிவிடுவது அவளுக்கு நாம் செய்யும் இரண்டாவது கொடுமை. எந்தக் கல்லைக் கும்பிட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இவர் ஏன் சாக நேர்ந்தது என்பதுதான். பதில் தெரிந்த பிறகும் கை கூப்ப முடிந்தால் அது வழிபாடு. பதிலுக்குப் பயந்து கூப்பினால் அது வெறும் பழக்கம்.